நந்தன் திரும்பவில்லை, கிந்தன் திரும்பி வந்தான்

செவ்வியல் இசையில ஜாஸைக் கலக்கிறாங்க, நடுவுல நக்கல் அடிக்கிறாங்க, அரசியலும் பேசறாங்க என்று நார்வேக்காரர்களைப் பற்றிச் சொன்னால் நம்மாட்கள் வாயைப் பிளப்பார்கள். ஜாஸை விடுங்க. மற்ற ரெண்டையும் காலட்சேப மேடையிலேயே செஞ்சு காட்டினவர் நம்ம நாகர்கோவில்காரர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவருடைய 'கிந்தனார்' பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் நந்தனார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன கதையை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தன் சரித்திர'மாகப் பாடினார். நந்தனைச் சிதம்பரம் போக விடாமல் மிரட்டும் பண்ணையார் வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது, பாரதியார் சேர்த்தது. பிறகு சினிமா. 1935ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942ல் தண்டபாணி தேசிகர். ஆக, அன்றைய ரசிகனுக்கு நந்தன் கதை தலைகீழ்ப் பாடம். கேலி எடுபட அதுதானே வேணும்!

கலைவாணர் அப்போது லேசான நிலைமையில் இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார். வெளியே வந்த மனுஷன் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கவில்லை. அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி' 1949ல் வந்தது. அதற்குள்தான் கிந்தனார் காலட்சேபம்.

காலட்சேபத்தின் இலக்கணத்தில் அவர் கை வைக்கவில்லை. பாட்டு, கொஞ்சம் பேச்சு, பின்பாட்டு, மறுபடி பாட்டு எல்லாம் அப்படியே. மாத்தினது ஒண்ணே ஒண்ணு, கதாநாயகன் போக ஆசைப்படுற இடம். நந்தனுக்குக் கோயில், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன் கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். ரயில் என்ன பெரிய விஷயமா? விஷயம்தாங்க. டிக்கெட் இருந்தால் போதும், அது ஜாதி கேட்காது.

நான் இருக்கும் கொல்லிமலை பைல்நாட்டில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். மலைக்கு ரயில் கிடையாது. காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சமவெளி. பெரிய படிப்புக்கு ஒரு பிள்ளை மூட்டை கட்டினால் வீடே கூட வந்து பஸ் ஏத்திவிடும். அந்த வீட்டுக்கு அது சிதம்பர யாத்திரைக்குக் குறைந்ததல்ல.

கலைவாணர் நந்தனைக் கிண்டல் செய்யவில்லை என்பதையும் சொல்லணும். அவர் கேலியெல்லாம் நந்தனை வாசலில் நிறுத்தினவங்க மேலதான். நந்தன் தீயில் இறங்கிச் சோதியில் கலந்தான், ஊருக்குத் திரும்பவேயில்லை. கிந்தன் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். இனி ஊர் அவன் முகத்தைப் பார்த்தாகணும். நந்தனுக்குக் கும்பிடு போட்டுட்டுக் கலைந்து போகலாம். திரும்பி வந்தவனை என்ன செய்வது?

2017ல் டி.எம்.கிருஷ்ணா சென்னைத் தமிழில், கர்நாடக ராகங்களில் எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் 'போறம்போக்கு' பாடினபோது, 'இதெல்லாம் சங்கீதமா?' என்று கேட்டவர்கள் உண்டு. அவங்களுக்கு என் சிபாரிசு ஒண்ணுதான்: ஒருமுறை கிந்தனார் கேளுங்க. சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் உறுத்தும் :-)