'வீட்டிலேயே பாத்துக்கறோம்': ஒரு ஜெர்மன் வரலாறும் நமது பன்மையும்

'அம்மாவை வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கறோம்' என்று சொல்கிறவர் குரலில் ஒரு பெருமை இருக்கும். கேட்கிற நமக்கும் நிம்மதி. 'எங்கேயும் கொண்டுபோய் விடலையே' என்போம். ஆனால் அந்த 'பாத்துக்கறோம்' என்கிற பன்மை ரொம்பச் சந்தேகத்துக்குரியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறந்து, இல்லாத ஊருக்குப் போகப் புறப்படுகிற கிழவியைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவருவது ஒரே ஒரு ஆள். பெரும்பாலும் பெண். அந்த ஆளைப் பன்மை மறைத்துவிடுகிறது.

டிமென்ஷியா பற்றிய வரலாறுகள் மூளையின் வரலாறாக, மருத்துவர்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டின் வரலாறாக எழுதப்படவில்லை. இந்த நோய்க்கு மிகவும் அறியப்பட்ட பெயரைக் கொடுத்த ஜெர்மனியை எடுத்துக்கொண்டு, அங்கே 'வீடு' என்னவாக இருந்தது என்று பார்ப்போம்.

1

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநோய் விடுதிக்கு 51 வயதுப் பெண் ஒருவர் கொண்டுவரப்பட்டார். பெயர் அகுஸ்தே டேட்டர். கணவர் ரயில்வே எழுத்தர். அவரிடம் கேள்வி கேட்டுப் பதில்களை எழுதிவைத்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். அகுஸ்தே 1906 ஏப்ரலில் இறந்தார். அவர் மூளையில் கண்டதை அல்சைமர் அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் ஒரு கூட்டத்தில் சொன்னார். 1910இல் எமில் கிரேப்லின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். நோய் மருத்துவரின் பெயரில் நிலைத்தது.

நமக்கு வேண்டியது விடுதிக்கு வருவதற்கு முந்தைய மாதங்கள். அல்சைமரின் அறிக்கை அதைச் சில வரிகளில் கடந்துபோகிறது: முதலில் கணவன்மேல் சந்தேகம், பிறகு நினைவு மங்கல். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியவில்லை. சாமான்களை இங்கும் அங்கும் இழுத்தார், ஒளித்துவைத்தார். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்தினார். அவ்வளவுதான். அந்த இரவுகளில் யார் விழித்திருந்தார்கள், யார் சமைத்தார்கள், கணவர் வேலைக்குப் போன பகலில் வீட்டில் யார் இருந்தார்கள்? இதையெல்லாம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அகுஸ்தேவின் நோயாளிக் கோப்பு காணாமல் போய் 1995 இறுதியில் திரும்பக் கிடைத்தது. தேடி எடுக்க விடுதிக்காவது ஒரு கோப்பு இருந்தது, வீட்டுக்கு அதுவும் இல்லை.

'சொந்த வீட்டுக்குள் வழி தெரியவில்லை' என்கிற அந்த வரியைக் கவனிக்க வேண்டும். வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல, பழகிய வழியும்கூட. அந்த வழி தொலைந்த பிறகும் ஒருவருக்கு அது 'வீடாக' இருக்கிறது என்றால், இன்னொருவர் தன் உடம்பால் அதை வீடாக வைத்திருக்கிறார் என்று பொருள்.

2

இதைச் சொன்னதும், 'அப்படியானால் நிறுவனம்தான் தீர்வா' என்ற கேள்வி வரும். அங்கேயும் அதே நாடு நம்மை நிறுத்துகிறது.

1939 அக்டோபரில் நாஜி அரசு மனநோய் விடுதிகளுக்கு ஒரு படிவம் அனுப்பத் தொடங்கியது. எந்தெந்த நோயாளிகளைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்ற பட்டியலில் முதுமையின் மனநோய்களும் இருந்தன. என்ன வேலை செய்ய முடியும் என்று படிவம் கேட்டது. பார்க்க யாராவது ஒழுங்காக வருகிறார்களா, வருபவர் யார் என்றும் கேட்டது. நோயாளியைப் பார்க்காமலேயே, படிவத்தை மட்டும் படித்து மருத்துவர்கள் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டார்கள். கூட்டல் என்றால் சாவு. 'டி 4' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் சுமார் 70,000 பேர் விசவாயுவால் கொல்லப்பட்டார்கள். அகுஸ்தே இருந்த அதே எஸ்ஸன் பகுதியில் இருக்கும் அடாமர் விடுதியில் மட்டும் 1941இன் எட்டு மாதங்களில் 10,000க்கும் மேல். அதன் பிறகும் பட்டினியாலும் ஊசி மருந்தாலும் கொலை தொடர்ந்தது.

இந்த நாட்களில் உறவினர் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்துப்போனதால் தப்பியவர்கள் உண்டு. அப்போது வீடு நிஜமாகவே புகலிடம். எனவே 'வீடு' என்கிற சொல்லைச் சும்மா ஏளனம் செய்துவிட்டுப் போக முடியாது. ஆனால் அழைத்துப்போக ஆளும் இடமும் சோறும் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் புகலிடம். 'பார்க்க வருபவர் யார்' என்ற கேள்வி ஏழைக்கும் தனியாளுக்கும் எதிராகவே வேலை செய்தது. நோயாளியைப் பராமரிக்க ஆகும் செலவைப் பள்ளிக்கூடக் கணக்காகவே குழந்தைகளுக்குக் கொடுத்த காலம் அது. பராமரிப்பைச் 'சுமை' என்று கணக்குப் போடும் மொழி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

3

அகுஸ்தேவின் கோப்பு கிடைத்த அதே 1995இல்தான் ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஜனவரியில் சந்தா பிடித்தம், ஏப்ரலில் வீட்டுப் பராமரிப்புக்கான உதவி. வீட்டில் நடக்கும் இந்த வேலைக்குப் பொதுக் காப்பீடு ஒரு விலை போட்டது. சாதாரண விசயமல்ல.

ஆனால் அந்த விலையைப் பாருங்கள். முதல் படிநிலையில் வெளியிலிருந்து பணியாளர் வந்து செய்தால் மாதம் 750 மார்க் வரை. அதே வேலையைக் குடும்பத்தில் ஒருவர் செய்தால் 400. அடுத்த படிநிலையில் 1,800க்கு எதிரே 800. மூன்றாவதில் 2,800க்கு எதிரே 1,300. குடும்பத்தின் கை என்றால் ஏறக்குறையப் பாதி விலை. பாசத்தை முன்பணமாகக் கழித்துக்கொண்டார்கள் போலும்!

இன்னொரு சிக்கல், நேரத்தை எப்படி அளந்தார்கள் என்பது. முதல் படிநிலைக்கே நாளுக்குக் குறைந்தது 90 நிமிட உதவி தேவைப்பட வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எழுப்பி நடத்துவது எல்லாம் நிமிடக் கணக்கில் வந்தன. கை கால் திடமாக இருந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு நடக்கிறவரைக் கண்காணித்துக்கொண்டே இருப்பது கணக்கில் வரவில்லை. டிமென்ஷியா வீட்டின் பெரும்பகுதி வேலையே இந்தக் கண்காணிப்புதான். 2002இல் இதற்கென்று ஆண்டுக்கு 460 யூரோ வரை ஒதுக்கினார்கள். உடலின் இயலாமையும் அறிவின் இயலாமையும் ஒரே தராசில் வைக்கப்பட்டது 2017இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்!

2021 இறுதிக் கணக்குப்படி அங்கே பராமரிப்புத் தேவைப்படுவோர் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் அய்ந்தில் நான்கு பேருக்கும் மேல் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பலவற்றில் கிழக்கு அய்ரோப்பியப் பெண்கள் தங்கி வேலை செய்கிறார்கள். பெர்லினில் தொண்ணூறு கடந்த மூதாட்டி ஒருவரின் வீட்டில் தங்கிப் பணிசெய்த பல்கேரியப் பெண் ஒருவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் இருந்தது வாரத்துக்கு 30 மணி நேரம். ஆனால் இரவிலும் கதவைத் திறந்துவைத்து, கூப்பிட்டால் எழும்பத் தயாராக இருக்க வேண்டியிருந்தது என்றார். கூப்பிடக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது.

1901இல் யாரும் எழுதிவைக்காத இரவு, 120 ஆண்டு கழித்து ஒரு நீதிமன்றத்தில் 'வேலை நேரம்' என்று பெயர் பெற்றது. அதுவும் மகளின் இரவோ மருமகளின் இரவோ அல்ல, கூலிக்கு வந்த பெண்ணின் இரவு.

4

இங்கே? 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. 'வயசாயிட்டா அப்படித்தான்', 'புத்தி பிசகிப்போச்சு', 'சரியா கவனிக்கல, அதான் இப்படி ஆயிட்டாங்க' என்று நாம் பேசுவதில் முதல் இரண்டும் நோயை மறைக்கின்றன. மூன்றாவது, பராமரிப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கூட்டுக் குடும்பம் சிதைந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று புலம்புகிறவர்கள், அந்தக் கூட்டுக் குடும்பத்தில் இரவு முறை யாருக்கு என்று சொல்வதில்லை.

2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளுக்குப் பராமரிப்பைக் கடமையாக்குகிறது. மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் என்று வரும்போது மாநில அரசு 'ஏற்படுத்தலாம்' என்று மெதுவாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் 'பிள்ளைகள்' என்று வரையறுத்தது மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. அவள்மேல் கடமை சுமத்தப்படவில்லையே என்று சந்தோசப்படலாம். ஆனால் மகன்மேல் விழுந்த கடமை எந்தக் கையால் நிறைவேறுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் பெயரில்லாதவளுக்குக் கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை, 'என்னால முடியல' என்று சொல்ல ஓர் அலுவலகமும் இல்லை.

வீட்டிலிருந்து முதியவர்களை வெளியேற்றச் சொல்லவில்லை. அடாமரை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரவை உழைப்பாக எண்ணு, அதற்குப் பொதுப்பணத்திலிருந்து கொடு, வாரத்தில் சில இரவுகளாவது மாற்று ஆள் அனுப்பு, பகலில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர நடக்கும் தூரத்தில் ஓர் இடம் கொடு என்று அரசைக் கேட்கச் சொல்கிறோம். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலிலும் பெண்கள் இயக்கத்தின் பட்டியலிலும் இது ஏற வேண்டும்.

அதுவரை நம்மில் யாராவது 'வீட்டிலேயே பாத்துக்கறோம்' என்று சொன்னால் பாராட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்கலாம்: நேத்து ராத்திரி யார் முழிச்சிருந்தது?