ஐந்து மணி மெட்டும் ஞாயிற்றுக்கிழமை அமைதியும்

வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம், எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஃபுஜி மலை என்றோ கொலோன் தேவாலயம் என்றோ பதில் வருவது அரிது. ரயில் நிலையத்தில் ஒலிக்கும் மெட்டு, ஞாயிறு காலை ரொட்டிக்கடை வரிசை, குளிர்காலத்தில் தெருமுனை இயந்திரம் தரும் சூடான காபி டப்பா என்றுதான் பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றையும் எதிர்பார்த்து அவர்கள் விமானம் ஏறவில்லை.

ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்தவர்கள் ஏங்கும் இத்தகைய சிறு விஷயங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் போரில் நொறுங்கி மீண்டெழுந்த நாடுகள். இரண்டும் ஒழுங்குக்குப் பேர்போனவை. ஆனாலும் அன்றாட வாழ்வை இதமாக்கும் ஏற்பாடுகள் அங்கே வெவ்வேறு அக்கறையிலிருந்து பிறந்திருக்கின்றன.

ஒலியும் ஒலியின்மையும்

ஜப்பானின் பல ஊர்களில் மாலை ஐந்து மணி வாக்கில் தெருக் கம்பங்களில் இருக்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு மெட்டு எழும். பல இடங்களில் அது 'யூயாகே கோயாகே' என்ற பழைய குழந்தைப் பாட்டின் மெட்டு. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் சில ஊர்களில் அரைமணி நேரம் முன்னதாகவே ஒலிக்கும். மைதானத்துப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கைக்காக உள்ளாட்சி அமைப்புகள் நிறுவிய ஒலிபெருக்கிகள் அவை. கருவி பழுதில்லாமல் இருக்கிறதா என்று நாள்தோறும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை ஒரு பாட்டாக்கிவிட்டார்கள். 2011 சுனாமியின்போது கரையோர ஊர்களில் மக்களை மேட்டுக்கு ஓடச் சொன்னவையும் இத்தகைய ஒலிபெருக்கிகள்தான். ரயில் நிலைய மெட்டுகளும் இதே மனப்போக்கில் வந்தவை. ரயில் புறப்படுவதை அறிவித்த காதைத் துளைக்கும் மணிக்குப் பதிலாக, 1989-இல் டோக்கியோவின் ஷின்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் மென்மையான இசையை ஒலிக்கவிட்டார்கள்.

ஜெர்மனியிலிருந்து திரும்பியவர்கள் ஏங்குவது ஒலியே இல்லாத ஒரு நாளுக்காக. ஞாயிற்றுக்கிழமை அங்கே பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலிக் கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டாலும் சத்தம் கேட்கும் என்பதால் அன்று அதற்கும் தடை. இந்த ஓய்வு வெறும் பழக்கமல்ல, அரசியல் சட்டமே பாதுகாக்கும் ஒன்று. 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த ஞாயிறு ஓய்வுப் பிரிவை 1949-இல் வந்த புதிய சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் விதி வகுத்தபோது, அரசியல் சட்ட நீதிமன்றம் 2009-இல் அதை ஏற்க மறுத்தது. புதிதாகப் போனவர் சனிக்கிழமை பால் வாங்க மறந்துவிட்டுத் தவிப்பார். ஓராண்டு போனால் அந்த நாளின் அருமை பிடிபடும்: கடைக்குப் போக முடியாதவர்கள் ஆற்றங்கரையில் நடக்கிறார்கள், நண்பர் வீட்டில் கேக்கும் காபியுமாக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கல்லாப்பெட்டிக்கு முன்னால்

டோக்கியோவின் டோயோசு பகுதியில் 1974-இல் ஜப்பானின் முதல் செவன் இலெவன் கடை திறந்தது. இன்று நள்ளிரவு இரண்டு மணிக்கும் தெருமுனையில் ஒரு கடை வெளிச்சமாக இருக்கும். அங்கே விற்கும் ஓனிகிரி சோற்று உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலுறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். நடுவிலிருக்கும் பட்டையைக் கீழ்நோக்கிக் கிழித்து, வலமும் இடமும் இழுத்தால், சோற்றைத் தொடாமல் தனியே மடித்து வைத்திருந்த கடற்பாசித் தாள் மொறுமொறுப்போடு சோற்றைச் சுற்றிக்கொள்ளும். தின்னப்போகிறவருக்குத் தாள் நமுத்துவிடக் கூடாதே என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். காசைக் கைக்குக் கை வாங்காமல் சிறு தட்டில் வைக்கச் சொல்வதும், சில்லறையை எண்ணிக் காட்டித் தருவதும் அதே கவனம்.

ஜெர்மன் அங்காடியில் இந்த உபசரிப்பெல்லாம் கிடைக்காது. பொருள்கள் மின்னல் வேகத்தில் நகரும். பையில் எடுத்துப் போட்டுக்கொள்வது நம் வேலை. ஆனால் கல்லாவில் இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஜப்பானியக் கடையில் அவர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

இந்த இடத்தில்தான் ஒப்பீடு கூர்மையாகிறது. எதிரே வருபவருக்கு என்ன தேவைப்படும் என்று ஜப்பான் முன்கூட்டியே யோசிக்கிறது. ஒருவரின் ஓய்வில் மற்றவர் கைவைக்காதபடி ஜெர்மனி வேலி போடுகிறது. இரண்டுக்கும் விலை உண்டு. ஜெர்மனியில் விலை கொடுப்பவர் ஞாயிறன்று பாலில்லாமல் இருக்கும் வாடிக்கையாளர். ஜப்பானில் இரவெல்லாம் கண்விழிக்கும் பணியாளர். 2019-இல் ஒசாகா பகுதிக் கடைக்காரர் ஒருவர், ஆள் கிடைக்காததால் இரவில் கடையை மூடத் தொடங்கியபோது, 24 மணி நேரக் கடை தேவைதானா என்று நாடே விவாதித்தது.

ஆளில்லாக் கடை

இரு நாடுகளும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானில் வயலோரத்தில் மரத்தட்டு வைத்து வெள்ளரி, தக்காளி, முள்ளங்கியை அடுக்கியிருப்பார்கள். பல இடங்களில் ஒரு பை 100 யென். காசு போட ஒரு டப்பா இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஜெர்மனியில் சாலையோரம் பூ வயல் இருக்கும்: கிளாடியோலஸ், சூரியகாந்தி. விலைப்பலகையும் வெட்டிக்கொள்ளக் கத்தியும் உண்டியலும் வைத்திருப்பார்கள். எத்தனை பூ வெட்டினோம் என்று எண்ணுவதும் நாமே, காசு போடுவதும் நாமே. ஊர் பேர் தெரியாத அந்நியனையும் நேர்மையானவன் என்றே அந்தப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. விசா, குடியிருப்பு அட்டை, வங்கிச் சான்று என்று எல்லா இடத்திலும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு, நிரூபணம் கேட்காத அந்தப் பெட்டி தரும் மதிப்பு பெரிது. ஊர் திரும்பிய பிறகு அது நினைவில் தங்குவதற்குக் காரணம் அந்த மதிப்புதான். வெள்ளரியோ பூவோ எங்கும் கிடைக்கும்.

எதைக் கொண்டுவருவது?

நாம் ஏங்கும் சிறு விஷயம் எதுவும் தானாக முளைத்ததில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் அக்கறையோ, ஒரு சட்டமோ, பல காலம் காத்துவந்த நம்பிக்கையோ இருக்கிறது. அவற்றில் எதை இங்கே கொண்டுவரலாம் என்று கேட்டால், நான் ஜெர்மனியின் பக்கம்தான் நிற்பேன். ஜப்பானின் நுட்பம் போற்றத்தக்கது. ஆனால் உபசரிப்பில் நாம் குறைந்தவர்கள் அல்ல. உபசரிப்பவரின் கால்வலியை நினைப்பதில்தான் நமக்குக் குறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது, புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடை முதலாளியிடம் கேளுங்கள்.