பாட்டுப்பெட்டி வந்த கதை

'பாட்டுப்பெட்டி' என்று சொன்னால் இன்றைய மாணவச் செல்வங்களுக்கு விளங்காது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிராமபோன் என்னும் அந்தப் பெட்டி நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தது. தோட்டத்து மக்களின் வரலாறு என்றால் கூலி, கங்காணி, கள்ளுக்கடை என்றே எழுதுகிறோம். அவர்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்று எழுதுவோர் குறைவு. ஆகவே இக்கட்டுரை.

ஒலியைப் பதிவு செய்யும் கருவியை எடிசன் 1877-இல் கண்டுபிடித்தார். தட்டையான வட்டத் தட்டில் பாட்டைப் பதிக்கும் முறையை 1887-இல் கொண்டு வந்தவர் எமில் பெர்லினர். தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது. நம் இந்திய நாட்டுக் காட்டு மரங்களில் சிறு பூச்சி உண்டாக்கும் அதே அரக்குதான். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும் ஓடும், அவ்வளவே. மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் போதும். விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் எரிந்த லயத்து வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறென்ன உண்டு?

1902-இல் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்த அம்மையார் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவர் நகரில். அங்கே உள்ளவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிந்தால்தானே பெயர்ச்சீட்டு ஒட்ட முடியும்! அதே பயணத்தில் அவர் சிங்கப்பூருக்கும் வந்து, 1903-இல் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். ஆக, நம் மலைநாட்டுப் பாட்டும் இந்தியப் பாட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டுக்குள் போயின. 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு தட்டுகள் பெருகின.

தமிழில் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் பாடிய தட்டுகள் கடல் கடந்து புகழ் பெற்றன. கிட்டப்பா 1933-இல் இளம் வயதிலேயே மறைந்தார். ஆனாலும் குரல் சாகவில்லை. பின்னாளில் படம் எடுத்துப் பேர் பெற்ற ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரும் முதலில் இசைத்தட்டு வியாபாரத்தில்தான் இருந்தார். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை விற்றார். ஊருக்குப் போய் 'ரஜூலா' கப்பலில் திரும்புகிறவர்கள் தகரப் பெட்டிக்குள் வேட்டி சேலைக்கு நடுவே தட்டைப் பொதிந்து கொண்டு வருவார்கள். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். பினாங்குத் துறையில் இறங்கியதும் முதலில் தட்டு முழுசாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம்!

1930களில் ஓர் ஆண் தொழிலாளிக்கு நாட்கூலி 50 காசைத் தாண்டாது. பெண்களுக்கு அதற்கும் குறைவு. ஒருநாள் கூலியில் ஒரு தட்டு வாங்க முடியாது. பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே கிராணி வீட்டிலோ டிரஸர் வீட்டிலோ கங்காணி வீட்டிலோதான் பெட்டி இருக்கும். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். யார் திண்ணையில், யார் தரையில், யார் வேலிக்கு அப்பால் என்பதெல்லாம் அக்காலத்தில் உண்டு. அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. பெண்கள் அடுப்படியிலிருந்தே கேட்டுப் பாட்டை மனப்பாடம் செய்து, மறுநாள் மரம் சீவும்போது பாடினார்கள். கேட்டதைக் காட்டுக்குள் கொண்டு போனவர்கள் அவர்களே.

1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலம். இந்தியாவிலிருந்து புதுத் தட்டு வரவில்லை. இருந்த ஊசியையே கல்லில் தீட்டித் தீட்டிப் போட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்குத் தமிழகத்தில் வெளியானது. அந்தப் பாட்டு நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது பாகவதர் கொலை வழக்கில் சிறையில் இருந்தார். 1947-இல்தான் விடுதலையானார். இங்கே நம்மவர்கள் அவர் குரலைக் கேட்டுக் கண்ணீர் விட்டது பாட்டுக்காக மட்டுமா, அவருக்காகவுமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். 1950களின் கடைசி, கெடாவில் ஒரு தோட்டம். அவசரகாலம் முடியாத நேரம். பொழுது சாய்ந்தால் வெளியில் கூட்டம் கூடுவதற்குப் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் டிரஸர் ஐயா வீட்டில் 'தட்டுக் கச்சேரி' நடக்கும். கூட்டாளிகள் தங்கள் தங்கள் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார்கள். டிரஸருக்குக் கர்நாடக சங்கீதத்தில் பைத்தியம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நாயனம் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. காவல் வேலை பார்த்த பஞ்சாபி பாய் இந்திப் படப் பாட்டுத் தட்டு கொண்டு வருவார். மளிகைக் கடைத் தவுக்கே ஷங்காய் நகரத்துப் பாடகியரின் தட்டைக் கொடுத்தனுப்புவார். லாரி ஓட்டிய மலாய்க்காரர் பி.ரம்லியின் பரம ரசிகர். எங்களைப் போன்ற பையன்களுக்குச் சாவி கொடுக்கும் வேலை. சுருள் தளர்ந்து பாகவதர் குரல் எருமை கத்துவது போல இழுத்தால், "அடேய், தூங்குறியா? சாவியைச் சுத்துடா!" என்று அதட்டல் விழும்.

அந்தக் கூட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒருவர் தட்டைப் போட்டால் அது முடியும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. புரியாத பாஷை என்று எழுந்து போகக் கூடாது. ஒரு வாரத்துக்கு இரவல் கொண்டு போகலாம். "உடைச்சா வேற ஒன்னு வாங்கித் தந்துடணும்." எழுத்துத் தெரியாதவர்கள் பெயர்ச்சீட்டின் நிறத்தையும் அதில் உள்ள கீறலையும் வைத்தே தங்கள் தட்டை அடையாளம் சொல்லுவார்கள். தட்டுக்காகச் சண்டையும் நடந்திருக்கிறது. இரண்டு மாதம் பேச்சு நின்றவர்களும் உண்டு.

ஒருநாள் மலாய்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் திடீரென்று, "இது நம்ம மெட்டுல்ல? கூத்துல கேட்ட மாதிரி இருக்கே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கிழவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடின. அவற்றைப் பார்த்துத்தான் 'பங்சாவான்' என்னும் மலாய் மேடை நாடகம் அங்கே தோன்றியது. இந்துஸ்தானி மெட்டுகள் அதன் வழியாக மலாய்ப் பாட்டுக்குள் இறங்கின. நம் ஊர்க் கூத்துக்காரரும் நாடகக்காரரும் அதே பார்சி மெட்டுகளைத்தான் எடுத்தாண்டார்கள். கிட்டப்பா வளர்ந்ததும் அந்த மேடையில்தான். இரண்டு ஆறும் ஒரே மலையில் பிறந்தவை என்பதைப் படிக்காத கிழவரின் காது கண்டுபிடித்துவிட்டது!

பிற்காலத்திலும் இத்தொடர்பு அறுபடவில்லை. முதல் மலாய்ப் படமாகச் சொல்லப்படும் 'லைலா மஜ்னுன்' 1934-இல் வந்தது, இயக்கியவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் என்னும் இந்தியர். பினாங்கில் 1929-இல் பிறந்த பி.ரம்லியை 1948-இல் பாடகராகத் திரைக்குக் கொண்டு வந்தவரும் அவரே. 1950-இல் 'பக்தி' என்ற படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கி, அவர் குரலிலேயே பாட வைத்தவர் எல்.கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம்மவர். லாரிக்காரர் இந்தச் செய்தியைச் சொன்னதும் டிரஸர் ஐயாவே அடுத்த மாதம் ஒரு ரம்லி தட்டு வாங்கினார். அதுவரை "சினிமாப் பாட்டா, சீச்சீ" என்றிருந்தவர் அவர்!

லாரிக்காரர் பதிலுக்குக் கேட்டு வாங்கிக் கொண்டு போனது நாகூர் ஹனிபாவை. பாஷை புரியாவிட்டாலும் அந்த வெண்கலக் குரல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் லயத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாளும் ஹனிபா பாடுவார். யாரும் குறை சொன்னதில்லை. மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய 'இங்கிலீஷ் நோட்டு' என்ற உருப்படியை டிரஸர் வாயால் பாடிக் காட்டுவார். முத்தையா பாகவதர் வெள்ளைக்காரர் பேண்டு வாத்திய நடையில் அமைத்தது அது. அதைக் கேட்டுத் தோட்டத்துத் துரை வீட்டுச் சமையல்காரர், "எங்க துரை வீட்டுப் பாட்டு மாதிரியே இருக்கு" என்றார். பாட்டு மட்டுமா? 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த பின் அதன் வசனத் தட்டைக் கேட்டுக் கேட்டே பள்ளி மாணவர்கள் பேச்சுப் போட்டிக்குத் தயாரானார்கள். தமிழ் உச்சரிப்பைத் தட்டிடம் கற்றவர்களில் நானும் ஒருவன்.

மேல்நாட்டில் 78 சுற்றுத் தட்டு மறைந்துகொண்டிருந்த வேளையிலும் இந்தியாவில் அது தொடர்ந்தது. பீட்டில்ஸ் பாட்டுகூட 1960களில் அங்கே 78 சுற்றில் அச்சாயிற்று. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவிப் பெட்டிதானே இருந்தது! அந்தத் தட்டுகளை இன்று உலகெங்கும் ரசிகர்கள் தேடுகிறார்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1963-இல் அறிமுகமான கேசட் 1970களில் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. மலிவு, உடையாது, நகல் எடுக்கலாம். ஆனால் கூடி உட்கார்ந்து கேட்க வேண்டிய அவசியமும் போயிற்று. இருந்தாலும் கலந்து கேட்ட பழக்கம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாட்டில் நாடே கொண்டாடும் புகழ் பெற்றது. லோகநாதன் 2007-இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினர்.

தட்டுகள் என்ன ஆயின? அதுதான் மனத்தை உறுத்துகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாயின, வீடமைப்புத் திட்டங்களாயின. புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அடுக்குமாடிக்கு மாறும்போது பெட்டியும் தட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போயின. சில தட்டுகள் பழைய பொருள் சந்தைகளில் கிடந்தன. சிங்கப்பூர் சுங்கை ரோடு சந்தையில் அவற்றைத் தேடிச் சீன, மலாய் இளைஞர்கள்கூட வருவார்கள். அச்சந்தையும் 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டது. டிரஸர் ஐயா வீட்டுத் தோடி எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியாது.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு தட்டு இருந்தால் படுக்க வைத்து அடுக்காதீர்கள்; புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. அழுக்கு இருந்தால் ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஸ்பிரிட் மட்டும் போட்டு விடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். தட்டு கீறியிருந்தாலும் நடுவில் உள்ள எண்ணும் பாடியவர் பெயரும் படிக்கும்படி இருக்கும். அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் ஓடியது என்பதையும் தாத்தாவிடம் கேட்டுப் பக்கத்திலேயே எழுதட்டும்.