வாடகைக் கடிதத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு: இங்கிலாந்தின் வீட்டுச் சங்கங்களும் மாறும் நிதி விதிகளும்

இங்கிலாந்தில் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளில் இருக்கும் எம்மவர் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலுக்கு முன்னர் ஒரு கடிதம் வரும். வாடகை இவ்வளவால் கூடுகிறது என்று மட்டும் அதில் இருக்கும். அந்தத் தொகையைச் சங்கம் தன் விருப்பப்படி போடுவதில்லை. அரசு அந்தச் சங்கத்துக்குக் கொடுத்த பணமும், அதனோடு கட்டிவிட்ட நிபந்தனைகளும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு வேறு விதிகள் உண்டு. இங்கே இங்கிலாந்தை மட்டும் பார்ப்போம்.

ஒரு வீட்டுச் சங்கம் வீடு கட்டப் பணம் மூன்று வழிகளில் வருகிறது: அரச மானியம், வங்கிக் கடன், தன் கையிருப்பு. மானியத்தை லண்டனுக்கு வெளியே ஹோம்ஸ் இங்கிலாந்து என்ற அரச நிறுவனமும், லண்டனுக்குள் பெருநகர அதிகாரசபையும் வழங்குகின்றன. எந்த வீட்டுக்குக் கொடுக்கலாம், எவ்வளவு வாடகை எடுக்கலாம், விற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இரண்டு இடத்திலும் தனித்தனி மூலதன நிதி வழிகாட்டிகளில் எழுதப்பட்டிருக்கும். இவை அடிக்கடி திருத்தப்படுபவை. உதாரணமாக, பழைய வீட்டை இடித்துக் கட்டும் மாற்று வீட்டுக்கு முன்னர் மானியம் கிடைப்பது கடினம். 2023 ஜூனில் அந்த விதி தளர்த்தப்பட்டது.

வங்கிக் கடனைக் கட்டுவது வாடகைதான். இதை மனதில் வைத்தால் மற்றது விளங்கும். 2010இல் அரசு வீட்டு மானியத்தைப் பாதிக்கு மேல் வெட்டியது. குறைந்த பணத்தை ஈடுகட்ட 2011இல் புதிய வாடகை வகை ஒன்றைக் கொண்டுவந்தது. சந்தை வாடகையின் 80 வீதம் வரை எடுக்கலாம் என்ற அந்த வகைக்குக் 'கட்டுப்படியான வாடகை' என்று பெயர். கட்டுப்படியாவது யாருக்கு என்று கேட்கத் தோன்றும்! அதற்கு முன்னரிருந்த 'சமூக வாடகை' வேறு. அது உள்ளூர்ச் சம்பளம், வீட்டின் பெறுமதி, அறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்ட சூத்திரப்படி கணிக்கப்படுவது, லண்டனில் மிகவும் குறைவானது.

சமூக வாடகையில் இருபது வருடம் இருந்த ஒருவர், பிள்ளைகள் போய்விட்டார்கள், சின்ன வீடு போதும் என்று மாற்றம் கேட்கிறார். கிடைக்கும் புதிய வீடு கட்டுப்படியான வாடகை வகையாக இருந்தால், அறை குறைந்தும் வாடகை கூடலாம். ஆகவே மாற்றத்துக்குக் கையெழுத்து வைக்குமுன், அந்த வீடு எந்த வாடகை வகை என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆண்டு உயர்வுக்கு இப்போதுள்ள உச்சவரம்பு, முந்தைய செப்டெம்பர் மாதப் பணவீக்கமும் அதற்கு மேல் 1 வீதமும். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் 1.7 வீதம், எனவே 2025 ஏப்ரல் உயர்வு 2.7 வீதம். 2025 செப்டெம்பரில் 3.8, எனவே 2026 ஏப்ரலுக்கு 4.8. வாரம் 150 பவுண் கட்டியவருக்கு 157.20 ஆகிறது. இந்த விதி எப்போதும் நிலைத்ததில்லை. 2016 முதல் நான்கு ஆண்டுகள் வாடகையை ஆண்டுக்கு 1 வீதம் குறைக்கச் சொன்னது அரசு. பணவீக்கம் 10.1 வீதத்தைத் தொட்டபோது, 2023இல் உயர்வை 7 வீதத்தில் நிறுத்தியது. குடியிருப்போருக்கு இவை நிம்மதி. முப்பது ஆண்டுக் கடனுக்குக் கணக்குப் போட்ட சங்கங்களுக்கு அடி. அதனால்தான் 2026 ஏப்ரலில் இருந்து பத்து ஆண்டுகளுக்கு ஒரே சூத்திரம் என்று 2025இல் உறுதி கொடுக்கப்பட்டது. அதே அறிவிப்பில் பத்து ஆண்டுகளுக்கு 39 பில்லியன் பவுண் மானியத் திட்டமும் வந்தது. ஏறக்குறைய 3 இலட்சம் வீடுகள், அதில் குறைந்தது 60 வீதம் சமூக வாடகைக்கு என்பது இலக்கு. 2011இல் திரும்பிய திசையில் இருந்து இது ஒரு திருப்பம் என்பதே என் கணிப்பு.

யூனிவர்சல் கிரெடிற் பெறுபவர்கள் புதிய வாடகையை ஏப்ரலில் தாங்களே இணையக் கணக்கில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கூடிய தொகைக்கு உதவி வராது, அது நிலுவையாக ஏறிக்கொண்டே போகும்.

பங்குரிமை வீடு வாங்கியோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அரசு பணம் போட்ட வீடு, விற்கும்போது அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டுமா? இல்லை. ஹெல்ப் ரு பை கடனை எடுத்தவர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். பங்குரிமையில் மானியம் சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. நீங்கள் மீதிப் பங்கை வாங்கினால், அந்தப் பங்குக்குரிய மானியத்தைச் சங்கம் மீள்சுழற்சி நிதிக்கு மாற்றி, மூன்று ஆண்டுக்குள் வேறு வீட்டுக்குச் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். எங்கள் கோயில்களில் கட்டட நிதியை நித்திய பூசைச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்பதுபோலத்தான்.

அதைவிட முக்கியம், உங்கள் வீடு எந்த நிதித் திட்டத்தில் கட்டப்பட்டது என்பது. 2021–26 திட்டத்தின் வீடுகளில் 10 வீதப் பங்கில் தொடங்கலாம், ஆண்டுக்கு 1 வீதமாகக் கூட்டி வாங்கலாம், குத்தகை குறைந்தது 990 ஆண்டு, முதல் பத்து ஆண்டுக்கு உள்வீட்டுத் திருத்தங்களுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வரை சங்கத்திடம் கோரலாம். முந்தைய திட்டங்களின் வீடுகளில் 25 வீதத்தில் தொடக்கம், திருத்தச் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில். முந்தைய திட்டத்தின் வீடுகள் 2021க்குப் பின்னரும் விற்கப்பட்டன. ஆகவே வாங்கிய ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள்.

கடைசியாகச் சேவைக் கட்டணம். வாடகை 4.8 வீதம் கூடியது என்றால் மொத்தம் ஏன் 9 வீதம் கூடியிருக்கிறது என்று சிலர் கடிதத்துடன் வருவார்கள். கட்டுப்படியான வாடகையின் 80 வீதத்துக்குள் சேவைக் கட்டணமும் அடக்கம். சமூக வாடகையில் அது தனி, அந்த உச்சவரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. உங்கள் சேவைக் கட்டணம் ஆண்டுதோறும் உண்மைச் செலவுக்கேற்ப மாறுவதாக இருந்தால், 1985ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர் வாடகைக்காரர் சட்டப்படி செலவுச் சுருக்கத்தை எழுத்தில் கேட்கலாம். சுருக்கம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் பற்றுச்சீட்டுகளைப் பார்க்கவும் கேட்கலாம். கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் முதலில் பார்ப்பது துப்புரவு, மின்தூக்கிப் பராமரிப்பு, நிர்வாகக் கட்டணம் ஆகிய மூன்று வரிகளைத்தான்.