இரும்புச் சட்டி எழுப்பிய இசை

இயந்திரம் எழுப்பும் ஓசையை இசை என்று ஏற்கலாமா? இந்தக் கேள்வி இன்று புதிதாக முளைத்ததல்ல. 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எழுந்துவிட்டது.

அவ்வாண்டு 'ஃபர்பிடன் பிளானட்' என்னும் அறிவியல் புனைகதைப் படம் வெளிவந்தது. லூயிஸ் பேரன், பீபி பேரன் தம்பதியர் அதற்கு முழுக்க முழுக்க மின்னணு ஒலிகளையே தந்தனர். வயலின் இல்லை, குழல் இல்லை. தாங்களே அமைத்த மின்சுற்றுகள் அலறி, முனகி, கருகி ஓயும்வரை ஒலிநாடாவில் பதிவு செய்தனர். ஆனால் இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்துடன் சிக்கல் வரும் என்பதால், திரையில் 'இசை' என்ற சொல்லே இடம்பெறவில்லை. 'மின்னணுத் தொனிகள்' என்றுதான் போட்டார்கள். உழைத்தவர்களுக்கு இசையமைப்பாளர் என்ற பெயர்கூடக் கிட்டவில்லை.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' பெரிய வாத்தியக் குழுவின் கம்பீரத்தை மீண்டும் கொண்டுவந்தது. வீரத்தைப் பாட அந்த இசை பொருத்தமானதே. ஆனால் அச்சத்தைச் சொல்ல வேறொன்று தேவைப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜான் கார்பென்டர். 1981-இல் 'எஸ்கேப் ஃபிரம் நியூயார்க்' படத்தை இயக்கிய அவரே, ஆலன் ஹோவர்த்துடன் சேர்ந்து சிந்தசைசரில் அதற்கு இசையும் அமைத்தார்.

அடுத்து 1984. ஜேம்ஸ் கேமரனின் 'தி டெர்மினேட்டர்'. இசையமைப்பாளர் பிராட் ஃபீடல். இரும்பில் இரும்பு மோதுவதுபோன்ற அந்த ஓசை நினைவிருக்கிறதா? அது சமையலறையில் புழங்கும் இரும்புச் சட்டியைத் தட்டி எடுத்தது! தாளமும் சரியான கணக்கில் அமையவில்லை. சிந்தசைசரில் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி பதித்தபோது, சிறிது பிசகி, பதின்மூன்று சிறு அடிகள் கொண்ட நொண்டித் தாளமாகிவிட்டது. ஃபீடல் அதைத் திருத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தப் பிசகுதான் நம் நெஞ்சைப் பிடிக்கிறது. சீரான தாளம் என்றால் அடுத்த அடி எங்கே விழும் என்று நமக்குத் தெரியும். இங்கே தெரிவதில்லை. களைப்பறியாமல் துரத்திவரும் இயந்திரத்தின் காலடி அது. கரடுமுரடான ஒலி காதுக்கு இனிமை தராவிட்டாலும், கதையின் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே படத்தின் காதல் காட்சியில், அதே மெட்டு பியானோவில் மென்மையாக ஒலிக்கிறது. துரத்தும் இயந்திரத்துக்கும் தவிக்கும் மனிதருக்கும் ஒரே ராகம்!

இன்று கணினியே மெட்டமைக்கும் காலம் வந்துவிட்டது. மனித இசைஞருக்கு இனி வேலை உண்டா என்று பலர் கவலைப்படுகிறார்கள். கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பேரன் தம்பதியரின் ஒலிநாடாவும் ஃபீடலின் இரும்புச் சட்டியும் நமக்கு ஒன்றைச் சொல்கின்றன. கருவி ஒலியைத் தரும். பிசகிய தாளத்தைக் கேட்டு, "இது இருக்கட்டும்" என்று முடிவெடுத்தது ஒரு மனிதரின் செவி. அந்தச் செவியை நாம் இழக்காதவரை, எந்த இயந்திரத்தின் ஓசையும் இசையாகலாம்.