கேம்பாய் ‘கான்ட்ரா’வை இன்று விளையாடுவது சட்டப்படி சரியா? பழைய வீடியோ கேம்கள் எங்கே போயின?

சாங்வியில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போய் வர்றவரா நீங்க? ஆபீஸ் கேப்பில் பக்கத்து சீட்டுக்காரர் கேம்பாய் மாதிரி ஒரு குட்டிக் கருவியில் விளையாடிட்டு வந்தால், அது பெரும்பாலும் ‘ரெட்ரோ ஹேண்ட்ஹெல்ட்’டாகத்தான் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்குது. பல கருவிகளில் ஆயிரக்கணக்கான பழைய கேம்களை மெமரி கார்டில் ஏற்றியே விற்கிறாங்க. தேடினால் ‘கான்ட்ரா’வும் இருக்கும்.

வாங்கலாமா? சட்டம் என்ன சொல்லுது? அதை விட்டால் அந்த கேம்களை விளையாட வேறு வழி இருக்கா? ஒரே ஒரு கேமை உதாரணமா எடுத்துக்கிட்டுப் பார்ப்போம்.

எந்த கேம்?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-இல் ஆர்கேட் இயந்திரங்களுக்காக ‘கான்ட்ரா’வை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது நின்டெண்டோவின் வீட்டு கன்சோலுக்கு வந்தது. நம்மில் பலர் பார்த்தது அந்த கேமைத்தான்; ஆனால் அசல் நின்டெண்டோவில் இல்லை. டிவியில் சொருகி விளையாடும் நகல் கருவியில், ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டில் பார்த்தோம். பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்பது வரைக்கும் தெரிஞ்ச பலருக்கு, இதே கேமுக்குக் கையடக்க வடிவம் ஒன்று இருந்தது தெரியாது.

கேம்பாய்க்கான அந்த வடிவம் 1991-இல் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் ‘கான்ட்ரா’, அமெரிக்காவில் ‘ஆபரேஷன் சி’, ஐரோப்பாவில் ‘ப்ரோபொடெக்டர்’. கேம்பாயின் திரையில் அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 144 புள்ளிகள், நான்கே நான்கு நிற அளவுகள். கருவி ஓட நான்கு பென்சில் பேட்டரி வேண்டும். இந்த எல்லைக்குள் ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு முழு ஆக்‌ஷன் கேமை அடக்கியிருந்தார்கள். சில கட்டங்களில் பக்கவாட்டில் ஓட வேண்டும், சிலவற்றில் மேலிருந்து பார்க்கும் கோணம். எதிரியைத் தானே தேடிப் போகும் குண்டும் உண்டு. கூட ஆட இரண்டாவது ஆள் மட்டும் கிடையாது.

ஒரே கேமுக்கு ஏன் இத்தனை வடிவம்?

கான்ட்ரா வரிசையின் ஜப்பானிய மூலக்கதை கி.பி. 2633-இல் நடக்குது. வேற்றுக்கிரக சக்தி பூமியில் கால் ஊன்றிவிட்ட எதிர்காலம். நியூசிலாந்து அருகே ஒரு கற்பனைத் தீவுக்கூட்டம், அங்கே அனுப்பப்படும் இரண்டு வீரர்கள். அமெரிக்காவுக்குப் போனதும் அது நிகழ்காலக் கதையா மாறியது. களமும் தென் அமெரிக்கக் காடாகிவிட்டது. ஐரோப்பியக் கன்சோல் பதிப்புகளில் மனித வீரர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தார்கள். வன்முறை தொடர்பான ஜெர்மனியின் கட்டுப்பாடுகள்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கேம்பாய் பதிப்பிலும் இதே கதைதான்: ‘ப்ரோபொடெக்டர்’ கேசட்டில் ஓடுவது ரோபோ.

அதனால் ‘கான்ட்ரா எல்லாம் ஒண்ணுதானே, ஒரு காப்பி இருந்தா போதாதா?’ என்றால் போதாது. எந்த நாட்டில் எதை அனுமதித்தார்கள், எந்தக் கதை விற்கும் என்று நினைத்தார்கள் என்பதெல்லாம் இந்த வடிவங்களுக்குள் பதிவாகியிருக்கு. ஒரு வடிவம் காணாமல் போனால் அந்தத் தகவலும் கூடவே போய்விடும்.

எத்தனை கேம்கள் இன்று விற்பனையில் இருக்கின்றன?

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், சாஃப்ட்வேர் ப்ரிசர்வேஷன் நெட்வொர்க் அமைப்போடு சேர்ந்து 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் இல்லை என்றது அந்த ஆய்வு. கேம்பாய் வரிசைக் கருவிகளின் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் கேம்களில் விற்பனையில் இருப்பது 5.87 சதவீதம்தான். நூறு கேம்பாய் கேம்களை எழுதி வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனால், ஆறு கேம்தான் கிடைக்கும்.

2023 மார்ச் 27-இல் நின்டெண்டோ தனது 3டிஎஸ் கருவிக்கான ஆன்லைன் கடையை மூடியது. அங்கே விற்பனையில் இருந்த பல கேம்பாய் கேம்களை வாங்கும் வழியும் அதோடு அடைபட்டது.

நம்ம உதாரணம் அந்த ஆறில் வருது. ‘கான்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன்’ என்ற பெயரில் 2019-இல் கொனாமி வெளியிட்ட தொகுப்பில் ‘ஆபரேஷன் சி’யும் இருக்கிறது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி என நான்கிலும் அது வெளியானது. அதாவது, இந்த ஒரு கேமுக்காக நீங்க சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை. மீதி 94 கேம்களுக்குத்தான் சிக்கல்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கணும். பழைய கருவி போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர். கேசட்டுக்குள் இருந்த கேமின் நகல் கோப்புக்கு ‘ரோம்’ என்று பெயர். 2024 ஏப்ரலில் ஆப்பிள் தனது ஆப் ஸ்டோரில் ரெட்ரோ எமுலேட்டர்களை அனுமதித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ‘யூசு’ என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, அதை நிறுத்தினார்கள். பழைய கருவிக்கான எமுலேட்டர் வேறு, இன்றும் விற்பனையில் உள்ள கருவிக்கானது வேறு என்பதை இந்த இரண்டு செய்திகளும் காட்டுது.

உங்க மெமரி கார்டு விஷயத்தில் முக்கியம், ரோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, பிரிவு 52(1)(aa) என்று ஆங்கில எழுத்தில் வரும் உட்பிரிவு வகையைச் சேர்ந்தது: முறைப்படி வாங்கிய கணினி நிரலை, இழப்போ சேதமோ வந்தால் பயன்படுத்திக்கொள்ள பேக்கப் எடுக்கலாம். உங்க சொந்த கேசட்டுக்கு இது பொருந்தும். வேறு யாரோ இணையத்தில் ஏற்றியதை டவுன்லோடு பண்ணுவது ‘பேக்கப்’ ஆகாது.

இரண்டு, பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கமோ வியாபாரமோ இல்லை என்றால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்க இடமுண்டு.

மூன்று, காலம். 1991-இல் வந்த ஒரு கேமுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 2051-க்கு முன் முடியாது. ‘பழசுதானே, இனி யாருக்கு என்ன?’ என்ற வாதம் செல்லாது.

நூலகங்கள் பாதுகாத்து வைக்கலாமே?

2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது, லாப நோக்கமற்ற பொது நூலகங்கள் தங்களிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் நிபந்தனை என்ன தெரியுமா? நூலகத்திடம் அந்தப் படைப்பின் ‘டிஜிட்டல் அல்லாத’ பிரதி இருக்கணும். புத்தகத்துக்கு இது சரி. கேம் கேசட் பிறக்கும்போதே டிஜிட்டல். அமெரிக்காவிலும் வழி திறக்கவில்லை. கடையில் கிடைக்காத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

இதனால் என்ன இழப்பு என்பதைப் புரிந்துகொள்ள புனேவுக்கே வரலாம். 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இங்கே லா காலேஜ் ரோட்டில் இருக்கு. சாங்வியில் இருந்து பைக்கில் போய்விடலாம். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’, முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. ஆனால் அதே காலத்து ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம் இருக்கு. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த அந்தப் படத்தின் மீது, மூல நாவலை வெளியிட்ட திருவனந்தபுரம் பதிப்பகம் பதிப்புரிமை வழக்குப் போட்டது. திரையிடல் நின்றது, படச்சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போனது. பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்த அதை 1974-இல் புனே காப்பகம் வாங்கியது.

பதிப்புரிமை வழக்கால் முடங்கிய படம்தான் பிழைத்தது. யாரோ ஒருவர் அலமாரியில் பத்திரமாக இருந்ததும், அதைத் தேடிப் போய் வாங்க ஒரு காப்பகம் இருந்ததும்தான் காரணம். கேம்களுக்கு அலமாரிகள் உண்டு. சட்டத்தின் அனுமதியோடு தேடிப் போக ஒரு காப்பகம்தான் இல்லை.

நாளைக்கு இது நம்ம கேம்களுக்கும் வரும் பிரச்னை. ‘ராஜி’ (2020), ‘இண்டஸ்’ (2024) இரண்டுமே புனே ஸ்டூடியோக்களின் தயாரிப்பு. ‘இண்டஸ்’ எதிர்கால இந்தியக் கற்பனையில் நடக்கும் ஆன்லைன் கேம். சர்வர் ஓடும் வரைதான் அதற்கு ஆயுள். பீரோவில் எடுத்து வைக்க கேசட்கூட கிடையாது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

விளையாட ஆசைப்படும் கேம் ஏதாவது தொகுப்பில் விற்பனைக்கு வந்திருக்கா என்று முதலில் பாருங்க. கருவி வாங்குவதாக இருந்தால், கேம் ஏற்றாத கருவியை வாங்குங்க. ஆயிரக்கணக்கில் கேம் ஏற்றி விற்பவர் அவற்றுக்கு உரிமை பெற்றிருக்க வாய்ப்பே இல்லை. நீங்க தரும் காசில் ஒரு ரூபாய்கூட அந்த கேமைச் செய்தவருக்குப் போகாது. ஊரில் பரண் மேல் அசல் கேசட், கையேடு, அட்டைப்பெட்டி ஏதாவது இருந்தால் ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போட்டுடாதீங்க. வீட்டுக்கு போன் போட்டு இப்பவே சொல்லி வைங்க.