நின்றுபோன விரைவுச்சாலை

ஒரு நகரின் வரலாற்றை அங்கே எழுப்பப்பட்ட மாளிகைகளைக் கொண்டும், போடப்பட்ட சாலைகளைக் கொண்டும் எழுதுவதே வழக்கம். ஆயினும், கட்டப்படாமற்போன ஒன்றும் ஒரு நகரின் போக்கை மாற்றிவிடக்கூடும். கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் 1971ஆம் ஆண்டு பாதியில் நிறுத்தப்பட்ட ஸ்பாடைனா விரைவுச்சாலை இதற்குத் தக்க சான்றாகும். ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழும் நகர் என்று டொராண்டோவை நாம் அறிவோம். அவர்கள் பெருமளவில் அங்குக் குடியேறுவதற்கு முன்னரே அந்நகரம் ஒரு பெருங்கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. நகரம் வண்டிகளுக்காகவா, மனிதர்களுக்காகவா என்பதே அக்கேள்வி.

திட்டம் பிறந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட அமெரிக்க நகரங்கள் யாவும் புறநகர்ப் பக்கமாய் விரிந்தன. வீட்டுக்கொரு கார் என்பது வாழ்வின் இலக்கணமாயிற்று. டொராண்டோவும் அதன் அண்டைப் பகுதிகளுமாகப் பதின்மூன்று ஊராட்சிகளை இணைத்து, 1954ஆம் ஆண்டு பெருநகர் மன்றம் ஒன்று செயற்படத் தொடங்கிற்று. அதன் முதல் தலைவர் பிரெட்ரிக் கார்டினர் விரைவுச்சாலைகளில் பெருநம்பிக்கை கொண்டவர். ஏரிக்கரையை ஒட்டி அவர் பெயராலேயே ஒரு விரைவுச்சாலை எழுந்தது. கிழக்கே டான் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மற்றொன்று அமைந்தது. இவற்றோடு நகரை நெடுக்கும் குறுக்குமாய்ப் பிணைக்கும் வேறு பல சாலைகளும் வரைபடத்தில் இடம்பெற்றன. அவற்றுள் முதன்மையானது ஸ்பாடைனா விரைவுச்சாலை.

'ஸ்பாடைனா' என்பது அம்மண்ணின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். மேடு, குன்று என்பது அதன் பொருள். வடக்கே 401ஆம் நெடுஞ்சாலையில் தொடங்கி, மரமடர்ந்த பள்ளத்தாக்குகளையும் பழைய குடியிருப்புகளையும் ஊடுருவி, பல்கலைக்கழகத்தை அடுத்த நகர்ப்பகுதியை அடைவது இச்சாலைக்கு வகுக்கப்பட்ட வழி. 1960களின் தொடக்கத்தில் மன்றம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 1964ஆம் ஆண்டு, அந்நாளில் கனடாவிலேயே மிகப்பெரியதாகிய யார்க்டேல் கடைத்தொகுதி சாலையின் வடபகுதியில் திறக்கப்பட்டது. 1966இல் லாரன்ஸ் சாலை வரையிலான பகுதி வண்டிகளுக்கு விடப்பட்டது. அதற்குத் தெற்கே எக்ளிண்டன் சாலை வரை வழியை ஒழுங்குபடுத்தும் பணியும் நடைபெற்று வந்தது.

எழுந்த எதிர்ப்பு

செலவு மதிப்பீட்டை மீறி ஏறியது. மேலும் கடன் திரட்ட வேண்டிய நிலையில், 1969ஆம் ஆண்டு திட்டம் மறுபரிசீலனைக்கு வந்தது. எதிர்த்தோர் ஓர் இயக்கமாய்த் திரண்டது அப்போதுதான். 'ஸ்பாடைனாவை நிறுத்துவோம், நம் நகரைக் காப்போம்' என்பது அவர்களின் முழக்கம். மாணவர், பேராசிரியர், இல்லத்தரசியர், கடைக்காரர் எனப் பல திறத்தாரும் அதில் இணைந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார். அமெரிக்க நகரங்களின் வாழ்வையும் சாவையும் ஆராய்ந்து 1961ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல், நகர அமைப்பு வல்லுநர்களை அதிரச் செய்தது. நியூயார்க்கில் மன்ஹாட்டன் தென்பகுதியை ஊடறுக்கவிருந்த விரைவுச்சாலையை எதிர்த்துப் போராடியவர் அவர். 1968இல் குடும்பத்துடன் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தார். விட்டுவந்த போராட்டமே புதிய ஊரிலும் அவரை எதிர்கொண்டது. பொருளியலறிஞர் டேவிட் நவ்லானும் அவர்தம் துணைவியார் நடீனும் 1970ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டு, திட்டத்தின் கணக்குகளையே கேள்விக்கு உள்ளாக்கினர். முழக்கத்தோடு நில்லாமல் எண்ணும் கணக்கும் கொண்டு வாதிட்டமை இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு.

ஆதரித்தோர் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. புறநகர் மக்கள் நாள்தோறும் நெரிசலில் காத்துக் கிடந்தனர். அரைகுறையாய் நிற்கும் சாலையால் எவருக்கும் பயனில்லை. செலவிட்ட பணமும் வீணாகும் என்றனர். சாலை இல்லையேல் நகரின் நடுப்பகுதி வணிகம் குன்றும் என அஞ்சியோரும் இருந்தனர். இவ்வழக்கில் இரு தரப்பினரும் தத்தம் வாழ்வுக்காகவே பேசினர்.

தீர்ப்பு

ஒண்டாரியோ மாநிலத்தின் நகராட்சி வாரியம் 1971ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவ்வழக்கை விசாரித்தது. உறுப்பினர் இருவர் சாலைக்கு ஆதரவாகவும், வாரியத் தலைவர் எதிராகவும் தீர்ப்புரைத்தனர். எதிர்த்தோர் மாநில அமைச்சரவையிடம் முறையிட்டனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் வில்லியம் டேவிஸ் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றிருந்தார்.

சூன் 3ஆம் நாள் அவர் சட்டமன்றத்தில் முடிவை அறிவித்தார். மோட்டார் வண்டிக்குப் பணிபுரியும் போக்குவரத்தைக் கட்டுவதாயின், ஸ்பாடைனா அதனைத் தொடங்க நல்லதோர் இடம். மக்களுக்குப் பணிபுரியும் போக்குவரத்தைக் கட்டுவதாயின், அதனை நிறுத்த நல்லதோர் இடம் என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் தேர்தல் வந்தது. எனவே அரசியல் கணக்கும் இம்முடிவில் கலந்திருக்கலாம். எனினும் வாரியத்தின் தீர்ப்பையும் பெருநகர் மன்றத்தின் விருப்பத்தையும் மீறி, காரணத்தை வெளிப்படையாய்ச் சொல்லி எடுத்த முடிவு அது.

முடிவின் விலை

பள்ளத்தாக்குகள் பிழைத்தன. பழைய குடியிருப்புகள் நிலைத்தன. வரைபடத்திலிருந்த மற்ற விரைவுச்சாலைகள் சிலவும் அடுத்தடுத்துக் கைவிடப்பட்டன. 1978ஆம் ஆண்டு ஸ்பாடைனா இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி, முன்பு போடப்பட்ட விரைவுச்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. சாலையை யாரும் மீண்டும் தெற்கே நீட்டாதிருக்கும் பொருட்டு, எக்ளிண்டன் சாலையின் தென்புறத்தில் மூன்றடி அகலமேயான நிலத்துண்டு ஒன்றை மாநில அரசு 1985இல் நகரத்தின் பொறுப்பில் விட்டது. நெடிய சாலையை மூன்றடி நிலம் தடுத்து நிற்கிறது.

ஆனால், வெற்றியின் கதை இத்துடன் நிறைவுறவில்லை. எக்ளிண்டன் வரையிலான பகுதி 1976இல் தளமிடப்பட்டுத் திறக்கப்பட்டது. விரைவாய் வரும் வண்டிகள் அனைத்தும் அங்கே சாதாரணத் தெருவொன்றில் வந்து தேங்குகின்றன. தெற்கே காப்பாற்றப்பட்ட வீதிகளின் அமைதிக்கு எக்ளிண்டன் பகுதி மக்கள் புகையும் இரைச்சலுமாய் விலை செலுத்துகின்றனர். அத்தெருவின் அடியில் சுரங்க இரயில் பாதை அமைக்கும் பணி 1994இல் தொடங்கிற்று. மறு ஆண்டே புதிய மாநில அரசு அதனை இரத்து செய்தது. தோண்டிய குழி மூடப்பட்டது. சாலையும் நின்றது, இரயிலும் நின்றது. நெரிசல் மட்டும் நிற்கவில்லை.

அப்படியாயின் சாலையை முழுமையாய்க் கட்டியிருந்தால் நெரிசல் தீர்ந்திருக்குமா? அமெரிக்கப் பொருளியலறிஞர் அந்தோனி டவுன்ஸ் 1962ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறினார். உச்ச நேரத்தில் புதிய விரைவுச்சாலை தரும் வசதியே, வேறு வழியிலும் வேறு நேரத்திலும் சென்றோரையும், பேருந்தில் சென்றோரையும் அங்கே ஈர்க்கும்; இறுதியில் அச்சாலையும் நிரம்பிவிடும் என்பது அவர் கருத்து. சாலையை அகலப்படுத்தினால் நெரிசலும் அகலமாகிறது.

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் இவ்வுண்மையை வேறு வகையில் கையாண்டது. டொராண்டோவின் முடிவுக்கு நான்காண்டுகள் கழித்து, 1975 சூன் மாதத்தில், காலை உச்ச நேரத்தில் நகர் மையத்தினுள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதிக்கப்பட்டது. நால்வர் பயணம் செய்யும் காருக்கு அக்கட்டணம் இல்லை. 1987இல் பெருவிரைவு இரயில் ஓடத் தொடங்கிற்று. 1998இல் மின்னியல் கட்டண முறை வந்தது. விரைவுச்சாலைகளும் உடன் கட்டப்பட்டன. ஆனால் சாலை ஒன்றே மருந்தென்று அந்நகர் நம்பியிருக்கவில்லை.

நாம் பெறும் பாடம்

ஸ்பாடைனாவின் வரலாறு இரு பாடங்களைத் தருகிறது. ஒரு திட்டத்தில் எவ்வளவு பணம் போட்டாயிற்று என்பது அதனைத் தொடர்வதற்குப் போதிய காரணமாகாது. தவறென உணர்ந்த இடத்தில் நிற்பதும் ஆட்சித்திறனே. மற்றொன்று, 'வேண்டாம்' என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. நிறுத்திய சாலைக்கு ஈடான போக்குவரத்தைக் கட்டித் தராவிடில், அம்முடிவின் சுமை குரலெழுப்ப வலுவற்றோர் வாழும் தெருவிலேயே சென்று இறங்கும்.

ஆகவே, நம் ஊரில் புதிய சாலை ஒன்று வரைபடத்தில் தோன்றும்போது, அது எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் மாணவர் கற்றால் போதாது. அது எங்கே முடிகிறது, முடியும் இடத்தில் யார் குடியிருக்கின்றனர் என்றும் கேட்கப் பழக வேண்டும். அக்கேள்வியை வகுப்பறையில் எழுப்புவது ஆசிரியர் பணி; ஊர்மன்றத்தில் எழுப்புவது குடிமக்கள் அனைவரின் பணி.